ஓரினுக்கு ஒரு பக்கம்

எங்கள் ஊர் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், ஊர் கௌரவிக்க நினைக்கும் ஒருவர் படம் வருஷாவருஷம் வரும். கீழே அவரைப் பற்றி நாலு பத்தி. அந்தப் பக்கத்துக்காக இருபது வருஷம் காத்துக்கிடந்தவன் நான். இந்தத் தடவை அதை என் எதிர்வீட்டு ஓரினுக்குக் கொடுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, எழுதும் வேலையை என் தலையிலேயே கட்டினார்கள்.

"லைல், அவரைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றாள் ஊர் அலுவலக எழுத்தர் ஹெஸ்டர்.

தெரியும். வயிறு எரிய எரியத் தெரியும்.

ஓரின் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஊரே ஓட்டுப்போடும் மஞ்சள் அட்டையைத் தூக்கிச் 'சரி' என்றால், இவன் ஒருத்தன் 'வேண்டாம்' என்பான். புதுத் தீயணைப்பு வண்டி வேண்டாம் என்றான், ஊர் வாங்கியது. முதல் தீயன்று ஓடிவந்து அதன் குழாயைப் பிடித்தவனும் அவனேதான். 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்பது எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வாசகம், எல்லோர் நம்பர் பிளேட்டிலும் இருக்கிறது. என் வண்டியிலும் இருக்கிறது. ராணுவத்துக்குப் போய்வந்தவன் நான். ஆனாலும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த வாசகத்துக்குக் கையும் காலும் முளைச்சா அது ஓரின்தான்" என்பார்கள். எனக்குக் காப்பி இறங்காது.

மூன்று பத்தி எழுதிவிட்டேன். நாலாவதில் பதினோரு வருஷத்துக்கு முந்திய கூட்டம் வரவேண்டும். வீட்டு முன்னால் ஓட்டை வண்டிகள் நிற்கக்கூடாது என்று அன்று ஒரு தீர்மானம். ஊரில் ஓட்டை வண்டி இருந்தது என் வீட்டில் மட்டும்தான், ஒன்பது. எல்லா அட்டையும் உயர்ந்தது, என் மனைவியுடையதும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வெட்கம் தாங்காமல் நானும் தூக்கித் தொலைத்தேன். 'வேண்டாம் என்பவர்கள்?' என்றபோது ஓரின் மட்டும் அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"அந்தக் கண்றாவியத் தினமும் பாக்கறவன் நான்தான். ஆனா அது அவன் நிலம். எனக்கு வேண்டாம் இந்தச் சட்டம்."

இதை நான் எழுதவில்லை. அவனுடைய பீன்ஸ் தோட்டத்தைப் பற்றி எழுதி இடத்தை நிரப்பினேன்.

இந்த வருஷக் கூட்டத்தன்று வாசலிலேயே அச்சாகி வந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தான் ஓரின்.

"ஏன்டா, அந்த வண்டி விஷயத்த விட்டுட்ட?"

"மறந்துபோச்சு."

"நீயா? நான் எப்பவோ இரவல் வாங்கின சுத்தியலையே மறக்காதவனாச்சே! சரி போ, எழுதறதும் விடறதும் உன் இஷ்டம்."

அதுதான் பொறுக்கவில்லை. என் கோழைத்தனத்துக்கும் இவன்தான் அனுமதி கொடுக்கவேண்டுமா? கூட்டம் தொடங்கியதும் நேரே ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் பக்கத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. வேணும்னேதான் விட்டேன். என் வண்டிங்களுக்கு எதிரா ஓட்டெடுத்த அன்னிக்கு, எனக்காகக் கை தூக்கினவன் ஓரின் ஒருத்தன்தான். எனக்கு நானே தூக்கல."

கூடத்தில் கைதட்டினார்கள். எனக்கா, அவனுக்கா, தெரியவில்லை.

முதல் தீர்மானம் வந்தது: கோழி வளர்க்க ஊரிடம் அனுமதி வாங்கவேண்டும். 'சரி' என்று அட்டைகள் உயர்ந்தன. "வேண்டாம் என்பவர்கள்?" என்றார் தலைவர். யோசிப்பதற்குள் என் அட்டை மேலே போயிருந்தது. பின்வரிசையில் ஓரினின் கை பாதி வழியில் நின்றது.

"டேய்... அது என் வேலைடா!"

திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் கடுகடுவென்றிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தினமும் பார்த்த முகம்.