கடலை வைத்த இடம்

கொரோனா காலத்தில் என் கடைசி மகள் படிக்கிற யூனிவர்சிட்டியை மூடிவிட்டார்கள். அவள் கல்பிட்டிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, அறையில் போனை வைத்துக்கொண்டு பாடம் கேட்டாள். இத்தாலி நாட்டில் பல நூறு வருடங்களுக்கு முன்பு எழுதின கவிதைகள்தான் பாடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படிப்பிக்கிற சேருக்குக் கேட்டுவிடுமோ என்ற கூச்சத்தில், குசினியில் கரண்டிச் சத்தம்கூட வராமல் வேலை பார்ப்பேன்.

பாடம் முடிந்ததும் மகள் வந்து, மீன் வெட்டுகிற என் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டதையெல்லாம் சொல்லுவாள். அந்தக் கவிதைகளில் ஆசை, பொறாமை, மரணம் எல்லாம் ஆட்களாக நடந்து வருமாம். கவிதை சொல்லுகிறவர் இடம் இடமாகப் போய் அவர்களைச் சந்திப்பாராம். அந்தக் காலத்தில் எல்லாரிடமும் புத்தகம் இல்லை. அதனால் படித்தவர்கள் மனதுக்குள்ளே ஒரு வீட்டை நினைத்து, அறைக்கு ஒன்றாக விஷயங்களை வைத்துவிடுவார்களாம். தேவைப்படும்போது அந்த வீட்டுக்குள் நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.

"உங்களுக்கும் ஒரு வீடு இருக்கே உம்மா. மன்னார் வீடு. போய்ப் பாருங்க, பஸ்சுக்குக் காசும் தேவையில்ல" என்று சிரித்தாள்.

நான் வெட்டின மீனைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

தொண்ணூறில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்களாகிய எங்களை மன்னாரை விட்டு வெளியேறச் சொன்னபோது, கையில் கிடைத்த உடுப்போடு வந்தோம். என் உம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அடக்கின கபுறு அங்கே. ஒரு படமும் எங்களிடம் இல்லை. சண்டை முடிந்த பிறகு என் லாத்தா, மூத்த சகோதரி, திரும்பிப் போய் அந்தக் காணியிலேயே குடிசை போட்டுக்கொண்டார். வீடு காடாகிக் கிடந்ததாம். நான் ஒரு தடவையும் போகவில்லை. அந்தக் காட்டைப் பார்த்தால் மனதில் இருக்கிற வீடு அழிந்துபோகும், அதோடு உம்மாவும் போய்விடுவார் என்ற பயம்.

அன்று பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அரிசி புடைக்கும்போது, மகள் சொன்ன மாதிரி உள்ளே போனேன். வேலிப் படலை. கிணறு. தேசிக்காய் மரம். கதவு. நடு அறையில் உம்மா தொழுதுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் திறந்த கதவு, அதற்கு அப்பால் கடல். விழுகிற சூரியன் முகத்தில் அடிக்க, உம்மாவின் மூக்குத்திக்கல் மின்னியது. இத்தனை வருடமும் நான் வைத்திருந்த முகம் அதுதான்.

கை நின்றுவிட்டது. மன்னார் தீவில் எங்கள் ஊர்ப்பக்கம் கடல் கிழக்கே. அங்கே சூரியன் கடலில் விழுவதே இல்லை. நாங்கள் மேற்கே பார்த்துத் தொழுகிறவர்கள். உம்மா எப்படிக் கடலைப் பார்த்துத் தொழுதிருப்பார்? அது இந்தக் கல்பிட்டிக் கடல். இங்கே வந்த பிறகு நான்தான் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்திருக்கிறேன். அப்படியானால் அந்த வெளிச்சத்தில் தெரிந்த முகம் யாருடையது?

சுளகைக் கீழே வைத்துவிட்டு லாத்தாவுக்குப் போன் எடுக்கச் சொன்னேன். மகள் எடுத்துத் தந்தாள்.

"உனக்கென்ன விசரா?" என்றார் லாத்தா. "உம்மா கடலுக்கு முதுகக் காட்டித்தானே தொழுவா. முன்னுக்கு வெறும் சுவர். லாம்பு கொளுவுற ஆணி ஒண்டு இருந்திச்சு."

"முகம் எப்பிடி இருக்கும் லாத்தா?"

"நீ எங்க முகத்தப் பாத்தாய்? வாசப்படியில குந்திக்கொண்டு இருப்பாய். வெளிச்சத்த மறைக்காத எண்டு வாப்பா ஏசுவார்."

உம்மாவின் மூக்குத்தி வலப்பக்கமா இடப்பக்கமா என்று நான் கேட்டேன். யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

இப்போது அந்த வீட்டுக்குப் போகும்போது கடலைக் கதவுக்கு வெளியே, என் முதுகுப் பக்கம் வைத்துவிட்டுத்தான் நுழைகிறேன். சுவர் இருக்கிறது. ஆணி இருக்கிறது. உம்மாவின் முதுகில் என் நிழல் விழுகிறது. அது உண்மையான முதுகு என்று எனக்குத் தெரியும். தொழுகை முடிகிற நேரம் உம்மா சலாம் கொடுக்க வேண்டும். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் முகத்தைத் திருப்புவார். வாசற்படியில் இருக்கிற எனக்கு அந்த முகம் பக்கவாட்டில் தெரியும்.

திரும்புவது அவருடைய முகமா, நான் செய்து வைத்த முகமா?

"இண்டைக்கும் போனீங்களா?" என்று மகள் கேட்பாள். ஓம் என்பேன். உம்மாவின் கழுத்து அசையத் தொடங்கும்போதே நான் கண்ணைத் திறந்துவிடுகிறதை அவளிடம் சொல்லவில்லை.