ஆக்ஸனுக்குச் சொந்தக்காரி

நேற்று அக்கா மகள் கைப்பேசியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். அது ஒருமையைச் சொல்லும், இவள் பன்மையைச் சொல்ல வேண்டும். ‘ஆக்ஸ்’ என்று அது சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் கரிக்கலாம்பாக்கத்தில் டியூஷன் நடத்தினேன். வாடகை அறை, ஒரே சன்னல், அதற்கப்பால் நெல் வயல். வைக்கோல் வாசனை அடித்தால் பாதிப் பாடம் எனக்கே மறந்துபோகும். என் ஆங்கிலம் அந்த லட்சணம். ‘எஸ்’ சேராமல் விதி மீறும் பன்மைகள் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று வருகைப்பதிவையே அப்படி மாற்றினேன். ஆளுக்கொரு வார்த்தை. ‘ஃபுட்’ என்று கூப்பிட்டால் அதற்குரிய பையன் ‘ஃபீட்’ என்பான். பவானி வீட்டில் மாடு உண்டு, அதனால் ‘ஆக்ஸ்’ அவளுக்கு. ‘ஆக்ஸன்’ என்று இழுத்துச் சொல்வாள். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் கண், வீடு, செருப்பு எல்லாமே இப்படிக் கடைசியில் ‘அன்’ சேர்ந்துதான் பலவாகுமாம், செத்துப்போனவை போக இரண்டு மூன்றுதான் மிச்சம் என்று அப்போது அளந்திருக்கிறேன்.

அந்த மழைக்காலக் காய்ச்சலில் பவானி போய்விட்டாள்.

அவள் வார்த்தையைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுக்கப் போன அன்று, பவானியின் அம்மா மல்லிகா அக்கா சன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“அத்த யாருக்கும் குடுக்காத டீச்சர். நீ கூப்டு, நான் சொல்றேன்.”

அன்றிலிருந்து நான் கூப்பிட, அவர் கரகரத்த குரலில் பதில் சொல்வார். எங்களுக்கும் பழகிவிட்டது.

ஒரு மாலை, சன்னலைப் பார்க்காமலே கூப்பிட்டேன். ‘ஆக்ஸன்’ என்று இழுத்துப் பதில் வந்தது. சின்னக் குரல். பிள்ளைகள் அத்தனை பேரும் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

மறுநாள் மல்லிகா அக்காவிடம், “நேத்து வந்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லியே. திருக்கனூர்ல அண்ணன் வூட்ல இருந்தேன். இன்னா டீச்சர்?”

சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

“அப்ப இனிமே நான் சொல்லல. அவளே சொல்லட்டும்.”

பிறகு தினமும் நான் கூப்பிடுவேன். அவர் சன்னல் கம்பியைப் பிடித்தபடி காத்திருப்பார். பதில் வரவே இல்லை. பிள்ளைகள் பயந்து ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். கடைசியில் நானும் அவரும்தான் மிஞ்சினோம்.

“நான் நிக்கறேன்னு வெக்கப்படறா. நான் போறேன், நீ மட்டும் கூப்டு” என்று சொல்லிவிட்டு அவர் வரப்பில் இறங்கிப் போனார்.

நான் கூப்பிடவில்லை. பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அந்த அறையும் இல்லை, வயலும் இல்லை, மனைக்கல் நட்டிருக்கிறார்கள். ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. எங்கே நின்று கூப்பிடுவது?