வள்ளம் வரும்வரை துப்பாத கரை

என் மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் மன அழுத்தச் சுரப்புகளை ஆராய்கிறாள். பதற்றம் வரும்போது உடலில் கோர்ட்டிசோல் என்றொன்று ஊறுமாம். வருடக்கணக்கில் ஊறினால் நினைவைப் பேணும் மூளைப் பகுதியைத் தொட்டு, நித்திரையையும் கோபத்தையும் மாற்றிவிடுமாம். அளப்பதற்கு, எழும்பியவுடன் ஒரு குழாயில் துப்பிய கொஞ்சம் எச்சில் போதும். நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில் அதை ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன்.

கணவன்மாரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு விடியலில் காத்திருக்கும் முல்லைத்தீவுக் கரைப் பெண்களை அவள் தெரிவு செய்தபோது, ஆய்வைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அவள் நெளுக்குளத்து வீட்டில் என்னோடு தங்குவாள். மனைவி இறந்தபின் வீட்டில் நான் மட்டும்தான். அனுமதிகளை நானே எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கடிதம் எந்த மேசையில் தூங்கும் என்பதும், அதை எப்படி எழுப்புவது என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் காலையில் போனால் பொழுதுபட்டு வருவாள். குழாய்களைக் குளிர்சாதனப் பெட்டியில் என் தயிருக்குப் பக்கத்தில் அடுக்குவாள். பிறகு கணினி.

“சாப்பிட்டியே பிள்ளை?”

“ஓமப்பா.”

இவ்வளவுதான் எங்கள் கதை.

அவள் திரும்பிப் போகும் பயணம் நெருங்கிய ஒரு நாள் ஐஸ்பெட்டி தூக்க நானும் போனேன். மகள் ஒரு வீட்டுக்குள் இருக்க, கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். பழைய உத்தியோகப் புத்தி.

“எழும்பின உடனேதானே எச்சில் எடுக்கிறியள்?”

“எழும்பின உடனேயோ? மனுசன் கடலிலை நிக்கேக்கை துப்புவமே ஐயா? வள்ளம் கரைக்கு வந்தாப் பிறகுதான்.”

“மற்ற ஆக்கள்?”

“முழுக் கரையும் அப்பிடித்தான். தங்கச்சி கேக்கேல்லை, நாங்கள் சொல்லேல்லை.”

ஆக, என் தயிருக்குப் பக்கத்தில் இருந்தது காத்திருந்தவர்களின் எச்சில் அல்ல. கணவன் வந்துவிட்டான் என்று மூச்சு விட்டவர்களின் எச்சில்.

திரும்பும் வழியில் மகளிடம் சொன்னேன். மாதிரி பிழையானால் மறுபடி எடுக்கவேண்டும், எடுக்க அவள் இங்கே நின்றாகவேண்டும். பயணச்சீட்டின் திகதியை மாற்றும் முறையும் எனக்குத் தெரியும்.

“நல்ல காலம் கேட்டியள், அப்பா.”

இன்னும் இரண்டு கிழமை அவள் இருப்பாள். நான் நண்டுக்குச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் அவள் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். “அவை துப்பத் தேவையில்லை. பஞ்சை வாய்க்குள்ளை வைச்சு எடுக்கலாம். ஆனா எழும்பேக்கை நான் பக்கத்திலை நிக்கவேணும். அந்த வலைக்கார அக்கா வீட்டிலையே தங்கப்போறன்.”

முறைப்படி அது சரி. நண்டை நான் தனியே சாப்பிட்டேன்.

மூன்று நாள் பொறுத்துவிட்டு, விடியுமுன் மீன் ஏற்றப் போகும் லொறியில் இடம் கேட்டு ஏறினேன். கையில் ஐஸ்பெட்டி, ஐஸுக்குக் குறைவில்லாத கரைக்கு. பெண்கள் வாயில் பஞ்சோடு கடலைப் பார்த்தபடி நின்றார்கள். மகள் மணிக்கூட்டைப் பார்த்துப் பஞ்சுகளை வாங்கினாள். வாய் விடுபட்டதும் முதலில் பேசியது வலைக்காரப் பெண்தான்.

“ஐயாவுக்கும் ஒரு பஞ்சைக் குடு தங்கச்சி. அவரும் காத்துக்கொண்டுதானே நிக்கிறார்.”

“சொந்தக்காரரைச் சேர்க்க ஏலாதக்கா.”

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த பஞ்சுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. அவள் வந்து என் பக்கத்தில் மணலில் இருந்தாள்.

“அப்பா, வீட்டிலை நித்திரை வருதே உங்களுக்கு?”

படிவமாக இருந்தால் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டிருப்பேன். “சில நாளைக்கு” என்றேன். அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கடலில் முதல் வள்ளத்தின் இயந்திரச் சத்தம் கேட்டபோது பெண்கள் எல்லோரும் தண்ணீரை நோக்கி நடந்தார்கள். அந்த வள்ளம் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம் என்று விரும்பியவன் அந்தக் கரையில் நான் ஒருவன்தான்.