செத்த நேரம் இருங்க

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவதற்கு முன், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உலக இலக்கியத்துக்குத் தொண்டு செய்வேன். தொண்டு என்றால், ஒரு மின்னஞ்சல் குழு. கதை எழுதுகிறவர்கள் ஒருவர் கதையை ஒருவர் வாசித்துக் குறை சொல்லிக்கொள்வோம். டொராண்டோவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், கலிபோர்னியாவில் டெல்லியில் வளர்ந்த ஒரு பெண்மணி, குழுவை நடத்தும் சிங்கப்பூர் ஆசிரியர், இன்னும் சிலர். ஒருவருடைய தமிழ் எழுத்துரு இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். அதில் பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே மரியாதை.

பெரும்பாலானோர் ஒப்புக்கொண்ட கதை குழுவின் இணைய இதழில் வரும். ஆனால் விமர்சனம் நடக்கும் வாரம் முழுக்க எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அதுவரை தமிழகத்துப் பத்திரிகைகள் என் கதைகளுக்கு ஒற்றுமையாக மௌனம் சாதித்திருந்தன. இந்த இதழிலாவது வந்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

நான் அனுப்பியது நகைச்சுவைக் கதை. செட்டியார்பட்டியில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒருவர் போகிறார். "செத்த நேரம் இருங்க, காப்பி வருது" என்கிறார் வீட்டுக்காரர். வரவில்லை. எழுந்தால் மறுபடியும் "செத்த நேரம்". கதை முடிகிற வரைக்கும் காப்பி வருவதில்லை. அவ்வளவுதான்.

டொராண்டோவிலிருந்து முதல் மடல் வந்தது. 'இறந்துபோன நேரம்' என்ற படிமம் அவரை உலுக்கிவிட்டதாம். கலிபோர்னியா ஒரு படி மேலே போனார். வந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே உயிரை விட்டுவிட்டார்; வராத காப்பிதான் முக்தி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். சிங்கப்பூர் ஆசிரியருக்கு மட்டும் ஒரு நெருடல். மரணத்தைப் பற்றிய கதையில் கல்யாணப் பத்திரிகை எதற்கு? கருமாதிப் பத்திரிகையாக மாற்றினால் கதைக்கு ஒருமை கூடும் என்றார்.

நான் விதிப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டில் மட்டும் சொன்னேன்.

"செத்த நேரம்னா செத்த நேரந்தான? இதுல யாரு செத்தா?" என்றாள் மனைவி.

"முக்திங்காக."

"ஒரு வாய் காப்பி குடுக்க வக்கில்ல, முக்தியா?"

பதில் சொல்லும் நாள் வந்தது. நன்றி சொல்லிவிட்டால் இதழில் இடம் உறுதி. உண்மையைச் சொன்னால், விளக்கம் தேவைப்படும் நகைச்சுவையை எழுதியவன் என்ற பெயர்தான் மிஞ்சும். 'உங்கள் ஆழமான வாசிப்புக்கு' என்று அடிக்கத் தொடங்கியிருந்தேன். சென்டர்க்காரர் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்:

"அண்ணாச்சி, செத்த நேரம் இருங்க, லைன் கட்டாயிருச்சு!"

திரும்பிப் பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்திருந்த யாரும் சாகவில்லை. கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர் ஒருவர் கொட்டாவி விட்டார். இந்த ஊரே ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தையை மரணத்துக்குத் தாரை வார்க்க எனக்கு மனம் வரவில்லை. லைன் வந்ததும் புதிதாக அடித்தேன்: 'எங்கள் பக்கம் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். என் கதையில் அனைவரும் நலம். காப்பி மட்டும் வரவில்லை.'

இரண்டு நாள் ஒருவரும் எழுதவில்லை. கதை செத்தது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் டொராண்டோக்காரர் எழுதினார்: "அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ? அந்த மனிசனுக்காக நான் ஒரு கிழமை கவலைப்பட்டனான்! திரும்ப வாசிச்சுப் பாத்தன். மனிசி வந்து ஏன் தனியச் சிரிக்கிறியள் எண்டு கேக்கிறா." கலிபோர்னியாப் பெண்மணி, முக்தியை வாபஸ் வாங்குவதாகவும், டெல்லியில் தன் அத்தை வீட்டில் இதே காப்பிக்காகக் காத்திருந்ததாகவும் எழுதினார். ஆசிரியர் 'சற்று நேரம்' என்று திருத்தலாமா என்று கேட்டார். திருத்தினால் குழுவை விட்டே விலகிவிடுவதாக மிரட்டினார் டொராண்டோக்காரர். எனக்காக ஒருவர் வெளிநடப்புக்குத் தயாரானது அதுவே முதல் தடவை. கதை ஒரு எழுத்தும் மாறாமல் வந்தது.

அச்செடுத்து மடிக்காமல் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். பாதியிலேயே சிரித்தாள். சரியான இடத்தில் சிரித்தாள். பிறகு முறைத்தாள்.

"இது எங்க பெரியப்பா வீடுதான? அவிய படிச்சா என்ன செய்வீங்க?"

"அவிய கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டாவ. உலகத்துல மத்த எல்லாரும் படிச்சாச்சு" என்றேன்.