ஆற்றுக்கு வழி கேட்டவள்

ஏரல் சந்தையில் வாழைத்தார் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது. "மாமா, அம்மா போயிட்டா" என்றான் தங்கபுஷ்பம் அக்காவின் மகன் செல்வம். காலையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, அப்பாடா என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஓடையைத் திறக்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று ஊரறியச் சொன்னவள் அவள். சொன்ன சொல் தவறலாமா?

உங்களில் அவளோடு பழகியவர்களுக்கு ஓடைக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாமிரபரணி பெருகினால், எங்கள் ஊர்ப் பக்கம் மிஞ்சுகிற தண்ணீரை வாங்கிக் கடல் பக்கம் கொண்டுபோக ஓர் ஓடை இருந்தது. ஒரு பெரிய மனிதர் அதன் பக்கத்தில் குடோன் கட்டினார். கட்டினவர் தன் இடத்தோடு நிற்காமல் ஓடைக்குக் குறுக்கேயும் சுவரை இழுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆறு கொஞ்சம் ஏறினாலும் எங்கள் அடுப்படியில் தண்ணீர்.

பெருவெள்ளம் வந்த அன்று நடந்ததை அங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றங்கரை அம்மன் கோயிலின் அடிப்படியைத் தண்ணீர் தொடுகிறவரை யாரும் சட்டி பானையைத் தூக்கக் கூடாது. அதற்கு முன்னால் கிளம்பினால் அம்மனை நம்பவில்லை என்று அர்த்தம். அன்றும் தெருவில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இன்னும் படியத் தொடலயே" என்று பெரியவர்கள் கோயிலைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கும்பாபிஷேகத்துக்காக அந்தக் கோயிலை மேடு போட்டு, படியோடு ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தோம். வசூலுக்கு அலைந்த எனக்கே அது அப்போது உறைக்கவில்லை.

அக்காதான் சத்தம் போட்டாள். "ஏலே, படிய ஒசத்திக் கட்டுனது நாமதான? அத ஆத்துக்கு யாருலே போய்ச் சொன்னது?"

ஒருவரும் அசையவில்லை. விறுவிறுவென்று கோயிலுக்குள் போனாள். சப்பரத்தில் வைக்கும் அம்மன் சிலையைத் தூக்கி, பிள்ளையை வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பூசாரி தலையில் அடித்துக்கொண்டு, "தீட்டு, தீட்டு" என்று பின்னாலேயே ஓடி வந்தார். "தீட்டக் கழிக்க நீரு உசுரோட இருக்கணும்வே, பேசாம வாரும்" என்றாள். பிறகு தெருவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாளே கெளம்பிட்டா. இனி எவன் இங்கன இருக்கான்னு பாக்கேன்."

அம்மன் முன்னால் போக, ஊரே பின்னால் போனது. நாங்கள் பள்ளிக்கூட மாடியில் ஏறி, கடைசி ஆளையும் கை கொடுத்துத் தூக்கி முடிப்பதற்குள் தெருவில் கூரைகள் மட்டும் தெரிந்தன. கடற்கரைக்காரர்கள் லாரியில் வள்ளத்தை ஏற்றி வந்து, வாழைத்தோட்டத்துக்கு மேலேயே ஓட்டிக்கொண்டு சோறு கொண்டுவந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அம்மனின் அடிப்படியைத் தண்ணீர் தொட்டபோது எங்கள் வீடுகளில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் அதிகாரிகள் வந்தார்கள். ஆற்றோரம் ஆபத்து, செம்மணல் மேடான தேரிக்காட்டில் ஆளுக்கொரு மனை தருகிறோம், ஊரோடு போய்விடுங்கள் என்றார்கள். அக்கா எழுந்தாள். "ஆறு அது வழியிலதான் வந்துச்சு. அந்த வழியில செவுரு வச்சவன் சொகமா இருக்கான், நாங்க கெளம்பணுமாக்கும்? செவுர எடுங்க சார். ஆறு அது பாட்டுக்குப் போவும், நாங்க எங்க பாட்டுக்கு இருப்போம்."

அதிகாரி, பார்க்கிறோம் அம்மா என்றார். அந்தப் பார்வை இன்றுவரை முடியவில்லை. அவளும் விடவில்லை. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறினாள். போகிற வழியில் எங்கள் வீட்டில் காப்பி குடிப்பாள், எனக்கும் அவளுக்கும் சண்டை நடக்கும். "கெடைக்கிறத வாங்கிட்டுப் போவோம்க்கா, வீம்பு எதுக்கு?" என்பேன். "செம்மண் தேரியில வாழை வருமால? வந்தாச் சொல்லு, நாளைக்கே வாரேன்" என்பாள். அவளுக்கு மட்டும்தான் வீம்பு என்று இல்லை. நானும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலில் ஊரில் முதல் வாழைக்கன்றை வைத்தவளும் அவள்தான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மண்வெட்டியைத் தூக்கினார்கள்.

அக்காவை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் இடுகாட்டுக்குப் பழைய பாதை ஓடைக்குள்ளேயே போகும். சுவர் வந்த பிறகு எல்லாப் பிணமும் ரோட்டைச் சுற்றித்தான் போகிறது. சுவர் முன்னால் வந்ததும் தூக்கியவர்கள் நின்றார்கள். தெருமுனையோடு திரும்ப வேண்டிய பெண்களும் அன்று திரும்பாமல் கூடவே வந்திருந்தார்கள்.

"சுத்திப் போயிருவோம் மாமா" என்றான் செல்வம்.

"சுத்திப் போறவளா இருந்தா உங்கம்மா எப்பவோ தேரிக்குப் போயிருப்பா. எறக்குலே" என்றேன்.

குழி வெட்டப் போனவர்களிடம் கடப்பாரை இருந்தது. அதை வாங்கினேன். ஊர் முழுக்கக் கை வைத்ததில் ஓடையின் அகலத்துக்குச் சுவர் விழுந்தது. அந்த வழியாகத்தான் அக்காவைக் கொண்டுபோனோம்.

குடோன்காரர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். கொடுக்கட்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, ஆறும் ஏறுகிறது, தண்ணீர் ஓடையில் போகிறது. மறுபடி சுவர் எழும்பினால் மறுபடி கடப்பாரை எடுப்போம். அக்கா எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: தேரிக்குப் போவோம் என்று அவளோடு மல்லுக்கட்டிய நான், அந்தச் சுவரை இடித்த வழக்கில் முதல் குற்றவாளி. அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.