விருப்பமுள்ளவர்கள் போடும் ஊசி

குழந்தைக்கு ஊசி போடுவது சுலபம். அரசாங்கம் கட்டாயம் என்று சொல்லாத ஊசியை ஒரு தாய்க்கு எடுத்துச் சொல்வதுதான் பாடு. தொண்ணூறுகளில் பாறசாலையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் நர்ஸாக இருந்தேன். அந்தப் பாடு என் தலையில்தான் விழுந்தது. நல்லதைச் சொல்லப் போய் முறைப்பை வாங்கித் திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குத்தான் இது.

யாருடைய விருப்பம்?

பனச்சமூட்டிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். போலியோ, முத்தடுப்பு எல்லாம் சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டாயிற்று. இனி உள்ளவை உங்கள் விருப்பம், விலை கொடுத்துப் போட வேண்டும் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"இவனுக்க விருப்பத்தக் கேட்டா ஒரு ஊசியும் வேண்டாம்னாக்கும் சொல்லுவான், சிஸ்டரே."

எந்த மஞ்சள் காமாலை?

கோட்டுகாலிலிருந்து மேரி என்றொரு தாய் வந்தாள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவருடைய தம்பி மஞ்சள் காமாலையில் இறந்து அதிக நாள் ஆகவில்லை. காமாலைக்கு ஊசி வந்திருக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதைப் போட்டால் பிள்ளைக்கு அந்த நோய் வரவே வராதா என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அது ரத்தத்தின் வழியாகப் பரவும் காமாலைக்கு மட்டுமான ஊசி. கெட்ட தண்ணீரால் வருவது வேறு, அதற்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். இறந்தவருக்கு எது வந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் பிள்ளையின் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"எல்லாத்தையும் தடுக்கும்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அமரவிளைக்காரர்

டைபாய்டு ஊசி போட்ட மறுநாள் காலையில், அமரவிளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியோடு வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், கை வீங்கியிருந்தது. நல்லா இருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று வாசலிலேயே சத்தம் போட்டார். டாக்டர் பார்த்து, பயமில்லை என்று மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன். பிள்ளை பிஸ்கட் கேட்டபிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

காய்ச்சல் வரலாம் என்று முந்தின நாளே உங்கள் மனைவியிடம் சொல்லியிருந்தேனே என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சொன்னா நீங்க சம்மதிக்கமாட்டியன்னுதான் சொல்லல்ல."

ஸ்டெல்லா கேட்டது

கடற்கரையில் மாதா கோயில் ஹாலில் தாய்மாரைக் கூட்டிப் பேசப் போனேன். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ஜெர்மன் அம்மை, மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி என்றேன். பொன்னுக்கு வீங்கி எல்லாப் பிள்ளைக்கும் வருவது, தானே வற்றிப் போகும் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிலர் கிளம்பவும் எழுந்துவிட்டார்கள்.

பின்வரிசையில் ஸ்டெல்லா எழுந்தாள். தன் மூத்த மகளுக்கும் அது வந்தது, வீக்கம் வற்றியது, அதோடு ஒரு காது கேட்காமலும் போயிற்று என்றாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டும் பிள்ளை திரும்பிப் பார்க்காததைத் திமிர் என்று நினைத்து அடித்தார்களாம். அதற்குப் பிறகுதான் வீட்டில் தெரிந்ததாம். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் நேராக என்னிடம் கேட்டாள்: "அப்ப இந்த ஊசி எங்க இருந்துது?"

டவுனில் இருந்தது, இங்கே வந்து சொல்ல ஆள் இருக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் இடுப்பிலிருந்த சின்னவனை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"இவனக் கொண்டு வாறேன். ஆனா இதெல்லாம் நேரத்தே வந்து சொல்லணும், சிஸ்டரே."

குழந்தைகள் அந்த ஊசிகளுக்கு அழுதது ஒரு நிமிஷம்தான். அவர்களைப் பெற்றவர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குத்தான் இன்னும் மருந்து வரவில்லை.