வேறெங்கும் திறக்காத ஃபைல்

2004 டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவனாம்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போன என் மனைவியைக் கடல் கொண்டுபோனது. அவள் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருந்ததாக அவள் வீட்டாரிடம் சொன்னேன். பொய். விழித்துத்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ ஒரு பாழாய்ப்போன கட்டுரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையைப் பிறகு எழுதினேன். கடலூரைக் காலிசெய்து சிதம்பரம் வந்தும் வருடக்கணக்காக அதையேதான் எழுதினேன், அதே கம்ப்யூட்டரில், அதே பழைய எழுத்துருவில். ஊரே யூனிகோடுக்கு மாறியபோதும் நான் மாறவில்லை. விரல் பழகிவிட்டது என்று சாக்குச் சொல்வேன். அசல் காரணம் வேறு. அந்த ஃபைலை வேறு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

2010இல் அந்தச் சனியன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பாதி எழுதும்போதே அணைந்துபோனது. செத்துத் தொலையட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. அவள் கடைசியாகப் பேசியது அதில் மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் மச்சானைக் கூப்பிட்டேன். அவளுடைய தம்பி, கடலூர் முதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்.

“எத்தன வருஷமா சொல்றேன், கேட்டீங்களா மாமா?” என்று திட்டிக்கொண்டே புது லேப்டாப்போடு வந்து, ஃபைலை யூனிகோடுக்கு மாற்றினான். எங்கே படித்துவிடுவானோ என்று பக்கத்திலேயே நின்றேன்.

“சரியா மாறிருச்சான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, தேடிப் பாப்போம்.”

என் வாய் சும்மா இருந்ததா? தினமும் எழுத உட்காரும்போது நான் தேடும் சொல்லையே சொல்லித் தொலைத்தது. “வெளிய.”

கிடைக்கவில்லை என்றது லேப்டாப். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

“போதும் மச்சான், கெளம்பு.”

அவனா விடுவான்? திரையை உற்றுப் பார்த்தான். “மாத்தும்போது ரெண்டு எழுத்து தப்பா ஒட்டிக்கிச்சு மாமா. பாக்க ஒண்ணாத்தான் இருக்கும், தேடுனா சிக்காது.” எல்லா இடத்திலும் ஒரே தட்டில் திருத்திவிட்டு மறுபடி தேடினான்.

இந்த முறை சிக்கியது. சத்தமாகவே வாசித்தான்: “‘வெளிய இன்னும் வெயில் ஏறல, வண்டியில கொண்டுபோயி வுடுங்களேன், சீக்கிரம் வந்துரலாம்’ என்றாள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.”

அதற்கு மேல் வாசிக்கவில்லை.

“தூங்கிட்டிருந்தேன்னு சொன்னீங்களே மாமா.”

அவன் ஃபைலைச் சேமித்தான். எழுந்து போய்ச் செருப்பை மாட்டினான்.

“இனிமே எந்தக் கம்ப்யூட்டர்லயும் தொறக்கும்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.